உள்ளே விட்டதும் உள்ளே மறந்ததும்: ஒரு சர்ஜனின் பதில்கள்

போன இதழில் ஒரு வாசகர், ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்து ஒருவர் வயிற்றிலிருந்து துணி எடுத்த செய்தியைப் படித்துவிட்டு, "இப்படியெல்லாம் நடக்குமா டாக்டர்?" என்று கேட்டிருந்தார். நடக்கும் என்று நாலு வரியில் பதில் எழுதினேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களே இந்த முறை பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. சர்க்கரை, மூட்டுவலிக் கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகின்றன. ஒரே மாதிரி வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெயர், ஊர் எதுவும் போடவில்லை.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் தாயாருக்கு 58 வயது. 11 வருடத்துக்கு முன் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதிலிருந்தே அடிவயிறு கனமாக இருக்கிறது என்பார்; வாயு என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொள்வார். போன மாதம் ஸ்கேனில் 9 செ.மீ. கட்டி தெரிந்தது. சினைப்பைப் புற்றுநோயாக இருக்கலாம் என்று ஒரு டாக்டர் சொன்னார். சிடி ரிப்போர்ட்டில் 'காஸிபிபோமா' (உள்ளே விட்டுப்போன துணியைச் சுற்றி உண்டாகும் கட்டி) என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். துணி என்றால் 11 வருடம் சும்மா இருக்குமா? அது புற்றுநோயாக மாறியிருக்குமா? ஆபரேஷன் செய்த இடத்தின் மேல் கேஸ் போடலாமா?

பதில்: சும்மா இருக்கும் அம்மா. 11 வருடம் என்ன, அதைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு காலம் கழித்துக் கண்டுபிடித்ததெல்லாம் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இதைப் பற்றிய முதல் அறிக்கை 1884-லேயே வந்துவிட்டது. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்ய ஆரம்பித்த காலத்திலேயே துணியை உள்ளே விடுவதும் ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பருத்தித் துணி உடம்புக்குள் கரையாது. அதை உடம்பு இரண்டு விதமாகக் கையாளும். ஒன்று, அதோடு சண்டை போடும். காய்ச்சல் வரும், சீழ் கட்டும், தையல் வழியாக நீர் கசியும். இது பெரும்பாலும் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் வெளியே தெரிந்துவிடும். ஒரு வகையில் இவர்களுக்கு அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் திரும்ப டாக்டரிடம் வந்துவிடுவார்கள். இரண்டாவது விதத்தில் துணியோடு கிருமி போயிருக்காது. உடம்பு அதைச் சுற்றி நார்த்திசுவால் ஒரு உறை கட்டி, பக்கத்தில் இருக்கும் குடலையும் கொழுப்புப் படலத்தையும் மேலே ஒட்டவைத்து ஒதுக்கிவிடும். வலி பெரிதாக இருக்காது. வயிறு கனமாக இருக்கும், உப்பும், எப்போதாவது வாந்தி வரும். வாயு என்று சொல்லிக் கடத்திவிடக்கூடிய தொல்லைகள்தான் எல்லாம்.

ஒதுக்கி வைத்தது ஒதுங்கியே இருக்கும் என்றும் உறுதி இல்லை. உறை மெல்ல மெல்லக் குடல் சுவரை அழுத்தி அரித்து, துணி குடலுக்குள்ளேயே நுழைந்துவிடுவது உண்டு. பிறகு ஒரு நாள் குடல் அடைத்துக்கொள்ளும். சிலருக்கு அந்தத் துணி மலத்தோடு வெளியே வந்ததும் நடந்திருக்கிறது. மூத்திரப்பைக்குள் நுழைந்தால் அங்கே அதன் மேல் கல் கட்டும்.

நான் பார்த்த ஒரு அம்மாவுக்கும் கட்டி என்றுதான் வயிற்றைத் திறந்தோம். குடல் வளையங்கள் அதன்மேல் அப்பியிருந்தன. அவற்றைப் பிரித்து எடுப்பதற்கே வெகுநேரம் பிடித்தது. உள்ளே வெள்ளையாக, கத்திக்கு லேசில் இடம் கொடுக்காத உறை. அதைக் கீறியதும் மஞ்சளும் பச்சையுமாகக் குழம்பிய நீர் வந்தது. உறிஞ்சி எடுத்துவிட்டு ஃபோர்செப்ஸால் பிடித்து இழுத்தால், சதை மாதிரி அறுந்து வராமல் இழை இழையாக வந்தது. நடுவில் ஒரு நீல நூல். அதைப் பார்த்ததும் தியேட்டரில் யாரும் பேசவில்லை. அந்த நீல நூலை அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஆபரேஷனுக்கென்று தயாரிக்கும் துணிகளில் பேரியம் சல்பேட் சேர்த்த ஒரு நூல் அல்லது பட்டை வைத்து நெய்திருப்பார்கள். துணி எக்ஸ்ரேயில் தெரியாது, இந்த நூல் தெரியும். சாதாரண எக்ஸ்ரேயில் வெள்ளையாக ஒரு கோடு சுருண்டு கிடந்தால் வேறு பரிசோதனையே தேவையில்லை. ஆனால் வருடக்கணக்கில் உள்ளே கிடக்கும்போது அந்த நூல் மடிந்து சிதைந்துவிடலாம். அப்போது சுண்ணாம்புப் படிவு என்றோ பழைய தையல் என்றோ படிப்பவர் நினைத்துவிடுவார். சிடியில் கெட்டியான உறையும், உள்ளே துணி மடிப்புகளில் சிக்கிய காற்றுக் குமிழ்களும் தெரிந்தால் சந்தேகம் வரும். உங்கள் ரேடியாலஜிஸ்ட் அந்தக் கேள்விக்குறியைப் போட்டது நல்ல வேலை. பழைய தழும்பையும் புதிய கட்டியையும் சேர்த்து யோசிப்பதற்கு ஆள் வேண்டும்.

துணி புற்றுநோயாக மாறாது. இப்படிப்பட்ட பழைய உறையைச் சுற்றிப் புற்று வந்ததாகப் பதிவான கேஸ்கள் மிக மிக அபூர்வம். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது: பெட் ஸ்கேனில்கூட இந்த உறை புற்றுநோய் போலவே ஒளிரும், படத்தைப் பார்த்துப் பயந்து போவார்கள். எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பிய பிறகுதான் முடிவாகச் சொல்ல முடியும். அம்மாவுக்கு அதை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு வரும் வேலை இல்லை இது. குடல் ஒட்டியிருந்தால் ஒரு பகுதிக் குடலை வெட்டிச் சேர்க்க வேண்டி வரலாம். குடல் ஆபரேஷன் செய்து பழகியவர் இருக்கும் இடமாகப் பாருங்கள். ஊசி குத்திக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், "ரிப்போர்ட்டில் துணியாக இருக்கலாம் என்று போட்டிருக்கிறதே, ஊசி தேவையா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பு இல்லை.

ஒரு இடைச்செருகல். ஆபரேஷன் ஆகிச் சில வாரங்களே ஆன ஒருவருக்கு இப்படி ரிப்போர்ட் வந்தால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். ரத்தக் கசிவை நிறுத்துவதற்கு, தானாகவே கரைந்துவிடும் செல்லுலோஸ் வலையை சர்ஜன் தெரிந்தே உள்ளே வைப்பது உண்டு. அதற்குள் சிக்கிய காற்றும் சிடியில் சீழ்க்கட்டி மாதிரியோ துணி மாதிரியோதான் தெரியும். ஆபரேஷன் நோட்ஸில் எழுதியிருக்கும், வாங்கிப் பார்த்தால் தீர்ந்தது. உங்கள் அம்மாவுக்கு 11 வருடம் ஆகிவிட்டதால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கேஸ் விஷயம் வக்கீலிடம் கேட்க வேண்டியது. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: எடுப்பதற்கு முன்பே புதிய சர்ஜனிடம் சொல்லி, எடுத்த பொருளைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அது முறைப்படி பெத்தாலஜி லேபுக்குப் போகட்டும், ரிப்போர்ட்டில் "துணி" என்று எழுத்தில் வரட்டும். சிடி ஃபிலிமையும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் பத்திரமாக வையுங்கள். 11 வருடம் ஆகிவிட்டதே என்று நீங்களாகவே கைவிட வேண்டாம். பல நாடுகளின் சட்டத்தில், இம்மாதிரி விஷயங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் காலத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் முதலில் ஆபரேஷன், அப்புறம்தான் வக்கீல்.

கேள்வி: ஆபரேஷனில் ஒவ்வொரு துணியையும் எண்ணுவார்கள் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். எண்ணினால் எப்படி விட்டுப்போகும்? அலட்சியம் என்று நேராகச் சொல்ல வேண்டியதுதானே?

பதில்: அலட்சியமும் உண்டு. எண்ணாமலேயே "சரி" என்று எழுதும் இடங்கள் இருக்கின்றன, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் ஒழுங்காக எண்ணியும் விட்டுப்போகிறது. அதுதான் எங்களைத் தூங்கவிடாத விஷயம்.

வயிற்று ஆபரேஷனில் பயன்படுத்தும் பெரிய துணியை மாப் என்போம். ஐந்து ஐந்தாகக் கட்டி வரும். கட்டைப் பிரிக்கும்போதே சிஸ்டர் ஒவ்வொன்றாக விரித்து எண்ணி போர்டில் எழுத வேண்டும். கட்டில் நாலு இருப்பதும் ஆறு இருப்பதும் நடக்கும். வயிற்றை மூடுவதற்கு முன் ஒரு முறை, தோலைத் தைப்பதற்கு முன் ஒரு முறை மறுபடி எண்ண வேண்டும். ரத்தத்தில் ஊறிய மாப் சுருங்கிக் கைப்பிடிக்குள் அடங்கிவிடும். நிறமும் குடலோடு சேர்ந்துவிடும். விரித்து வைத்தபோது இருந்த அளவை நினைத்துக்கொண்டு தேடினால் கண்ணுக்குச் சிக்காது. அதனால்தான் ஒவ்வொரு மாப்பிலும் ஒரு நாடா தைத்து, அதன் நுனியில் ஒரு ஃபோர்செப்ஸ் மாட்டி வயிற்றுக்கு வெளியே தொங்கவிடும் வழக்கம்.

அமெரிக்காவில் 54 நோயாளிகளின் கேஸ்களை வைத்து 2003-ல் ஒரு ஆய்வு வந்தது. விட்டுப்போனவற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் துணி, மிச்சம் கருவிகள். அவசர ஆபரேஷனில் ஆபத்து சுமார் 9 மடங்கு. திட்டமிட்டது ஒன்று, உள்ளே போனபின் செய்தது வேறு என்றானால் சுமார் 4 மடங்கு. நோயாளி பருமனாக இருந்தாலும் கூடுதல். இந்த மூன்றையும் ஒரு தியேட்டர் சிஸ்டரிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார் என்பது வேறு விஷயம். என்னை உறுத்தியது இன்னொன்று: எண்ணிப் பார்த்த கேஸ்களில் பெரும்பாலானவற்றில் "கவுண்ட் சரி" என்றுதான் எழுதியிருந்தது. அதாவது, எண்ணிக்கை தவறினால் தேடுவார்கள். எண்ணிக்கை தவறாகச் சரியாக இருந்துவிட்டால் யாரும் தேட மாட்டார்கள்.

எத்தனை பேருக்கு நடக்கிறது என்றால், அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவமனை 2008-ல் வெளியிட்ட கணக்கில் ஏறக்குறைய 5,500 ஆபரேஷனுக்கு ஒன்று. அது தேடித் தேடிக் கணக்கு வைத்த பெரிய இடம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த பாதுகாப்புப் பட்டியலில், நோயாளி தியேட்டரை விட்டுப் போவதற்கு முன் கருவி, துணி, ஊசி எண்ணிக்கை சரிதானா என்று சிஸ்டர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. இப்போது மாப்பில் சிப் வைத்து, மேலே ஒரு கருவியைக் காட்டினால் சத்தம் கொடுக்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. எல்லா இடத்திலும் இல்லை.

என்னோடு நெடுங்காலம் வேலை பார்த்த சிஸ்டர் ஒருவர், கவுண்ட் குறைந்தால் ஊசி நூலைக் கையில் தர மாட்டார். "ஒன்று வரலை மேடம்" என்பார், அவ்வளவுதான். ஒரு தடவை இரவு இரண்டு மணிக்கு, நோயாளியின் பிரஷர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது, மயக்க டாக்டர் சீக்கிரம் மூடுங்கள் என்கிறார், சிஸ்டர் அசையவில்லை. வயிற்றின் நாலு மூலையையும் கைவிட்டுத் தடவினேன். இல்லை. கடைசியில் கீழே பக்கெட்டில், ஒரு மாப்புக்குள் இன்னொன்று சுருண்டு ஒட்டியிருந்ததை வார்டு பாய் பிரித்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் நூல் வந்தது. சர்ஜனை எதிர்த்து நிற்கும் சிஸ்டர் இருக்கும் தியேட்டரில் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று நோயாளிகளிடம் சொல்ல ஆசைதான், ஆனால் அதை எந்த போர்டிலும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் அடிபட்டு ரத்தம் நிற்காமல் கொட்டும்போது, மாப்களை வேண்டுமென்றே உள்ளே திணித்து அழுத்திவைத்துவிட்டு வெளியே வருவோம். ஒன்றிரண்டு நாளில், ஆள் கொஞ்சம் தேறியதும், மறுபடி திறந்து எடுப்போம். அது சிகிச்சை. எத்தனை வைத்தோம் என்று கேஸ் ஷீட்டில் பெரிதாக எழுதியிருப்போம்.

கேள்வி: சிறுநீரகக் கல்லுக்கு இரண்டு வருடத்துக்கு முன் லேசர் செய்தார்கள். டி.ஜே. ஸ்டென்ட் வைத்திருப்பதாகவும், ஒரு மாதத்தில் வந்து எடுத்துக்கொள்ளும்படியும் சொன்னார்கள். வேலை நிமித்தம் வேறு ஊர் வந்துவிட்டேன். வலி எதுவும் இல்லை. சில சமயம் சிறுநீர் சிவப்பாகப் போகும். வலி இல்லாததை ஏன் எடுக்க வேண்டும்?

பதில்: தம்பி, இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த அன்றைக்கே ஒரு யூராலஜிஸ்டைப் போய்ப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கடிதங்களிலும் என்னை அதிகம் பயமுறுத்தியது உங்களுடையதுதான்.

செய்தியில் வருவது துணி. என் அனுபவத்தில் நிறையப் பேரைக் கெடுத்தது துணி இல்லை. ஒழுங்காக, தேவைக்காக, சொல்லி வைத்துவிட்டு, பிறகு இரண்டு பக்கமும் மறந்துபோன இந்த ஸ்டென்ட்தான். இருதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் காலத்துக்கும் இருக்க வேண்டியது. பெயர் ஒன்றாக இருப்பதால் இதையும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள். இது சிறுநீரகத்துக்கும் மூத்திரப்பைக்கும் நடுவில், இரண்டு நுனியும் சுருண்டு நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். வீக்கம் வடியும்வரை சிறுநீர் தடையில்லாமல் இறங்குவதற்காக வைப்பது. அந்த வேலை சில வாரத்தில் முடிந்துவிடும். சாதாரணமாகப் பயன்படுத்தும் ஸ்டென்ட்டை மூன்று மாதத்துக்கு மேல் விடுவது நல்லதல்ல.

சிறுநீரில் இருக்கும் உப்பு அதன் மேல், தண்ணீர்க் குழாயில் படிவது போலவே, படிய ஆரம்பிக்கும். 1991-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், 6 வாரத்துக்குள் எடுத்த ஸ்டென்ட்களில் சுமார் 9 சதவீதத்தில்தான் படிவு இருந்தது. 6 முதல் 12 வாரத்துக்குள் எடுத்தவற்றில் 47 சதவீதத்துக்கு மேல். 12 வாரம் தாண்டியவற்றில் 76 சதவீதம். ஏற்கெனவே கல் உருவாகும் உடம்புக்காரர் நீங்கள். இரண்டு வருடம்!

சரியான நேரத்தில் போயிருந்தால், மூத்திர வழியில் மரத்துப்போகும் ஜெல்லி போட்டு, மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுச் சில நிமிடத்தில் உருவிவிடுவார்கள். படிவு கட்டியபின் உருவ முடியாது. மேல் நுனியில் ஒரு கல், கீழ் நுனியில் ஒரு கல் என்று கட்டி நிற்கும். பிளாஸ்டிக்கும் இறுகி, இழுத்தால் உடையும். நான் பார்த்த ஒருவருடைய எக்ஸ்ரேயில் ஸ்டென்ட் மூன்று துண்டாகக் கிடந்தது, மூத்திரப்பையில் இருந்த கல் கோழிமுட்டை அளவு. அவரும் வலி இல்லை என்றுதான் சொன்னார். சிறுநீரகம் அதற்குள் பாதி வேலையை நிறுத்திவிட்டிருந்தது. சிறுநீரகம் அடைபட்டு மெல்லச் சுருங்கும்போது பலருக்கு வலிப்பதே இல்லை.

போகும்போது பழைய சம்மரியை எடுத்துப் போங்கள். முதலில் எக்ஸ்ரேயோ சிடியோ எடுத்துப் பார்த்த பிறகே கை வைப்பார்கள்; இரண்டு வருடம் ஆன ஸ்டென்ட்டைப் படம் பார்க்காமல் இழுக்க வந்தால் நீங்களே வேண்டாம் என்று சொல்லுங்கள். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று கட்டமாக எடுக்க வேண்டி வரலாம், அதற்கும் மனதளவில் தயாராகப் போங்கள். காய்ச்சலோ குளிரோ இருந்தால் ஓ.பி.யில் வரிசையில் நிற்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: குடலிறக்கத்துக்கு வலை வைத்து மூன்று வருடம் ஆகிறது. குனிந்தால், காரில் ஏறினால், தொடை இடுக்கில் சுரீர் என்று இழுக்கிறது. ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்கிறார்கள். மனப்பிரமை என்று வீட்டிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வலையை எடுத்துவிடலாமா?

பதில்: மனப்பிரமை இல்லை. குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மூன்று மாதம் தாண்டியும் ஏதோ ஒரு அளவில் வலி நீடிக்கிறது. அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவு வலி இருப்பவர்கள் அதில் சிறு பகுதி. வலை போடாத காலத்திலும் இந்த வலி இருந்தது. அந்த இடத்தில் மூன்று நரம்புகள் போகின்றன. தையலிலோ, வலை சுருங்கித் தழும்பு கட்டும்போதோ அதில் ஒன்று மாட்டிக்கொண்டால் இப்படித்தான் சுரீர் என்று இழுக்கும். ஸ்கேனில் நரம்பு மாட்டியிருப்பது தெரியாது. அதனால் 'நார்மல்' என்ற ரிப்போர்ட்டை வைத்து வலி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வலையை எடுப்பதில் அவசரம் வேண்டாம். பாலிபுரோப்பிலீன் வலைக்குள் உங்கள் சதையே வளர்ந்து பின்னியிருக்கும். அதற்காகத்தான் அதை வைப்பதே. பிரித்து எடுக்கும்போது ரத்தக்குழாய், விந்துக்குழாய் எல்லாம் ஆபத்தில் இருக்கும், குடலிறக்கமும் திரும்ப வரலாம். முதலில் மரத்துப்போகும் ஊசியை அந்த நரம்பைச் சுற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். வலி சட்டென்று விட்டால் காரணம் நரம்புதான் என்று உறுதியாகும், சிலருக்கு அதிலேயே குணமும் தெரியும். நரம்பு வலிக்கான மாத்திரைகள் உண்டு. இதெல்லாம் பலிக்காதவர்களுக்குத்தான் நரம்பை வெட்டுவது, வலையை எடுப்பது. அதுவும் அந்த வேலையையே செய்து பழகியவரிடம். ஆனால் வலை வைத்த இடம் சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ கணக்கே வேறு. வலையில் வருடங்கள் கழித்தும் கிருமி பிடிக்கும், அப்போது பெரும்பாலும் எடுக்கத்தான் வேண்டியிருக்கும்.

இதே வலையைப் பற்றி இரண்டு பெண்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு வைத்தது கர்ப்பப்பை இறக்கத்துக்காக, பிறப்புறுப்பு வழியாக. அது வேறு கதை, மோசமான கதை. வலை பிறப்புறுப்புச் சுவரை அரித்து வெளியே தெரிவது, தாம்பத்தியத்தில் வலி, ரத்தக் கசிவு என்று ஏராளமான புகார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லும் 2011-லும் எச்சரித்து, 2019 ஏப்ரலில் இந்த உபயோகத்துக்கான வலை விற்பனையையே நிறுத்தச் சொன்னது. இங்கிலாந்தில் பரோனஸ் கம்பர்லெஜ் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2020 ஜூலையில் வந்தது. அதில் திரும்பத் திரும்ப வருவது, பெண்கள் வலி வலி என்று சொன்னதை டாக்டர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்பதுதான். நீங்கள் இருவரும் கூச்சப்படாமல் மகப்பேறு மருத்துவரிடம் உள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். விரலால் தொட்டாலே தெரிந்துவிடும் தொல்லை இது; ஸ்கேனில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: சிசேரியன் ஆகி ஆறு வருடம். தழும்பின் ஓரத்தில் சின்னக் கொப்புளம் வந்து உடைந்து, ஆறி, மறுபடி வருகிறது. போன வாரம் கறுப்பு நூல் நுனி தெரிந்தது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. நூல் இருக்கும்வரை கொப்புளம் வந்துகொண்டேதான் இருக்கும். உள்தையலுக்குப் போட்ட கரையாத நூலின் முடிச்சு அது. பட்டு நூல் பின்னலாக இருப்பதால் இழைகளுக்கு நடுவே கிருமி உட்கார்ந்துகொள்ளும், மருந்து அங்கே போய்ச் சேராது. மரத்துப்போகும் ஊசி போட்டு, முடிச்சைத் தேடிப் பிடித்து வெட்டி எடுத்தால் ஆறிவிடும். வீட்டில் ட்வீசர் வைத்து இழுக்காதீர்கள். நுனி அறுந்து முடிச்சு உள்ளேயே தங்கிவிடும். மாதவிடாய் சமயத்தில் மட்டும் அந்த இடம் வலித்து வீங்கினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது நூல் இல்லாமல் கர்ப்பப்பையின் உள்சவ்வு தழும்பில் தங்கி வளர்ந்ததாக இருக்கலாம்.

கேள்வி: பித்தப்பை ஆபரேஷனில் உள்ளே கிளிப் போட்டிருக்கிறார்களாம். இப்போது முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: தாராளமாக. இப்போது போடுவது டைட்டானியம் கிளிப், காந்தம் அதை இழுக்காது. ஆனால் ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லிவிட்டுப் படுங்கள். மூளையில் ரத்தக்குழாய்க்கு அந்தக் காலத்தில் கிளிப் போட்டவர்கள் மட்டும் எந்த உலோகம் என்று எழுத்தில் தெரியாமல் எம்.ஆர்.ஐ. அறைக்குள் கால் வைக்கக் கூடாது. பித்தப்பைக் கிளிப் மிக அபூர்வமாக நகர்ந்து பித்தக்குழாய்க்குள் போய், அதைச் சுற்றிக் கல் கட்டுவது உண்டு, பெரும்பாலும் ஓரிரு வருடம் கழித்து. கண் மஞ்சளாகி, குளிர் காய்ச்சலும் மேல்வயிற்று வலியும் வந்தால் "கிளிப் இருக்கிறது" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எண்டோஸ்கோப் வழியாகவே எடுத்துவிடலாம்.

கேள்வி: காலில் பிளேட் வைத்து நான்கு வருடம். தொல்லை ஒன்றுமில்லை. ஆனால் இரும்பு உள்ளே இருந்தால் ரத்தம் கெட்டுவிடும், எடுத்துவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பதில்: எல்லோரிடமும் எந்த மெடிக்கல் காலேஜ் என்று கேளுங்கள். ரத்தம் கெடாது. பெரியவர்களுக்குத் தொல்லை தராத பிளேட்டை எடுக்க வேண்டியதில்லை. எடுத்தால் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் தூரும்வரை எலும்பு பலவீனமாக இருக்கும், மறுபடி முறியலாம். டைட்டானியம் பிளேட் என்றால் ஸ்க்ரூ இறுகிப்போய்த் தலை வழுக்கி, வைத்ததைவிட எடுப்பது பெரிய ஆபரேஷனாகிவிடும். வளரும் குழந்தைகள், பிளேட் தோலுக்கடியில் உரசுபவர்கள், சீழ் பிடித்தவர்கள், ஸ்க்ரூ தளர்ந்தவர்கள் – இவர்கள் கதை வேறு.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற நர்ஸ். எங்கள் காலத்தில் கையுறைகளைப் பவுடர் போட்டுத்தான் மாட்டுவோம். அதுவும் உள்ளே போயிருக்குமே?

பதில்: போயிருக்கும் சிஸ்டர். முதலில் டால்க், பிறகு ஸ்டார்ச். இரண்டுமே வயிற்றுக்குள் சிறு சிறு கட்டிகளையும் குடல் ஒட்டுதலையும் உண்டாக்கின. அமெரிக்காவில் 2017 ஜனவரியிலிருந்து பவுடர் கையுறைக்கே தடை. அன்று கையுறையை உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் வயிற்றைத் தொட வேண்டும் என்று சண்டை போட்ட சீனியர் சிஸ்டர்களை நினைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு இதுவரை மூன்று ஆபரேஷன் நடந்திருக்கிறது. உள்ளே என்னென்ன இருக்கிறது என்றே தெரியாது. எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: டிஸ்சார்ஜ் சம்மரியில் பாதிதான் இருக்கும். ஆபரேஷன் நோட்ஸ் நகல் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். வலை, பிளேட், செயற்கை மூட்டு, லென்ஸ் எது வைத்தாலும் அதன் பெட்டியில் ஒட்டும் சீட்டு ஒன்று இருக்கும். கம்பெனி பெயர், லாட் நம்பர் எல்லாம் அதில்தான். ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், ஒன்று உங்களுக்குக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால், நாளைக்கு ஒரு கம்பெனி சரக்கைத் திரும்பப் பெறும்போது உங்களுடையது அதில் சேர்ந்ததா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. 2010-ல் ஏ.எஸ்.ஆர். என்ற உலோக இடுப்பு மூட்டைத் திரும்பப் பெற்றபோது, பலர் தங்களுக்கு வைத்தது எது என்று தெரியாமல் அலைந்தார்கள். மருத்துவமனைகள் பழைய கேஸ் ஷீட்டுகளைக் காலமெல்லாம் வைத்திருக்காது, சில இடங்களே மூடிப்போகும். ஆகவே கேட்பதை இப்போதே கேளுங்கள். கிடைத்ததைப் படம் எடுத்து உங்கள் போனிலும் பிள்ளைகள் போனிலும் வையுங்கள். இனிமேல் எந்த ஆபரேஷன் ஆனாலும் வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள்? அதை எந்தத் தேதியில் எடுக்க வேண்டும்? எடுக்கவே வேண்டாம் என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஏர்போர்ட்டில் சத்தம் போடுமா என்று அதே கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். செயற்கை மூட்டு இருந்தால் போடலாம். கிளிப்புக்கும் வலைக்கும் போடாது. சத்தம் போட்டால் கையாலே தடவிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.